சிறைக்குள் இடம் கேட்டவர்

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

சீமையில் குவேக்கர் என்று ஒரு கூட்டம். பாதிரி கிடையாது, பாட்டு கிடையாது. ஒன்றாகக் கூடி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் ஜெபம். குருவானாலும் ராஜாவானாலும் அவர்களுக்கு 'நீ'தான், 'சிநேகிதா'தான். இப்படிக் கூடுவதே குற்றம் என்று ராஜா சட்டம் போட்டு, அகப்பட்டவர்களைச் சிறையில் அடைத்துவிட்டார்.

செருப்புத் தைக்கிற ஏமஸின் பெண்சாதி டார்கஸும் உள்ளே. அவளுக்குக் கடுங்காய்ச்சல். ஏமஸ் தன் குரு ஜோசையாவிடம் ஓடினான்.

"மன்னிப்புக் கேட்டா ராஜா விட்டுடுவாராம். கேட்டுடட்டுமா, சிநேகிதா?"

"அவ என்ன தப்புப் பண்ணினா?"

"ஒண்ணுமில்லை. பேசாம உட்கார்ந்திருந்தா."

"அப்புறம் எதுக்கு மன்னிப்பு?"

"செத்துப் போயிடுவா."

ஜோசையா யோசித்தார். "ஒரு கம்பளி எடு. அரண்மனைக்குப் போவோம்."

"கம்பளி அவளுக்கா?"

"எனக்கு."

விஷயம் தெரிந்து இன்னும் பலர் கம்பளியோடு பின்னால் வந்தார்கள். அரண்மனைப் படியில் நின்று ராஜா பார்த்தார்.

"மன்னிப்பு மனு எங்கே?"

"இல்லை. உள்ளே இருக்கிறவங்களை விட்டுடு. அந்த இடத்துல எங்களைப் போடு" என்றார் ஜோசையா.

"நீங்கள் என்ன குற்றம் செய்தீர்கள்?"

"அவங்க செஞ்சதுதான்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் சிறையில் கம்பளி போட்டு இடம் பிடிக்க வந்த கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன்." பிறகு ஏமஸிடம் திரும்பினார். "இனிமேல் கூட மாட்டோம் என்று ஒரு வார்த்தை சொல். உன் மனைவியை இப்போதே கூட்டிப் போ."

ஏமஸ் குருவைப் பார்த்தான்.

"என்னை ஏன் பார்க்கிற? உன் பெண்சாதி. நீயே சொல்லு."

ஏமஸ் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தான். பக்கத்தில் ஜோசையா உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

யாராவது ஏதாவது செய்வார்கள் என்று ராஜா காத்திருந்தார். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் மந்திரியின் காதருகே போய், "இதற்கா சட்டம் போட்டோம்?" என்று கேட்டார்.

பிறகு அவரே சொன்னார்:

"அந்தப் பெண்ணைக் கூட்டிவரச் சொல். மற்றவர்களையும்."

டார்கஸ் தள்ளாடிக்கொண்டு வந்தாள். புருஷன் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ராஜா உள்ளே போகவில்லை. குனிந்து, "இன்னும் என்ன நடக்கும்?" என்று மெல்லக் கேட்டார்.

ஜோசையா கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டார்.