வாய் நெறைய முட்டை

பெனிட்டா, காலை எடு என் மேலேர்ந்து. அத்தை விடிஞ்சா பாசி எடுக்கக் கடல்ல முங்கணும். ஒரே ஒரு கதைதான். ம் கொட்டலன்னா பாதியில நிப்பாட்டிருவேன்.

ஒரு கடல்ல, பாறைக்குப் பக்கத்து மணல்ல, ஒரு மீன் குடியிருந்துச்சு. உன் வெரல் நீளந்தான் இருக்கும். ஆனா வாய் இருக்கே, ஆத்தாடி, தலை முழுக்க வாய்தான். அதனால பேரு வாயன். முழி ரெண்டும் பெருசு. முதுகுத் துடுப்புல மை வச்ச மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. மணல்ல குழி தோண்டி, வாசலச் சுத்திக் கல்லும் சிப்பியும் அடுக்கி, வாலை முதல்ல விட்டு சர்ருன்னு உள்ள போயிருவான். தலை மட்டும் வெளிய எட்டிப் பாக்கும்.

"ம்."

அப்புறம் அவன் பொண்டாட்டி முட்டை போட்டா. அத்தனையையும் வாயன் வாயில வாங்கிக்கிட்டான். அவங்க வீட்டுல அப்பன்தான் முட்டையைப் பாத்துக்கணும். பொரியிற வரைக்கும் தின்னக் கூடாது, பேசக் கூடாது.

அப்போ பக்கத்துக் குழிக்காரன் வந்து, வாசல் கல்லையெல்லாம் ஒண்ணொண்ணாத் தூக்கிட்டுப் போனான். "டேய்"னு ஒரு வார்த்தை கேக்க முடியல. அப்புறம் குட்டி இறா ஒண்ணு மூக்குக்கு முன்னாடியே மெதக்குது. வயிறு கொர்ருகொர்ருங்குது.

"முழுங்கிட்டானா அத்தை?"

முழுங்கினா முட்டையும்ல சேந்து போயிரும், கூறுகெட்டவளே. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான், பாவம்.

அப்போ இரை தேடப் போன பொண்டாட்டி அலறியடிச்சு வர்றா. பின்னாடியே பெரிய கலவா மீன் தொரத்துது. வாசல்ல கல்லைக் காணோம், எந்தக் குழின்னு தெரியல. எல்லாக் குழியிலயும் ஒரே மாதிரி தலைங்க. "ஏங்க, எங்க இருக்கீங்க?"ங்கிறா. வாயைத் தொறந்தா புள்ளைங்க போச்சு. தொறக்கலன்னா பொண்டாட்டி போச்சு. அடையாளப் பொட்டு முதுகுல, முதுகு குழிக்குள்ள.

"ம்... அப்புறம்?"

அப்புறம் விசுக்குன்னு மொத்த ஒடம்போட வெளிய வந்துட்டான், கலவாவுக்கு முன்னாடியே. துடுப்பை விரிச்சுக் காட்டினான். பொண்டாட்டி பொட்டைப் பாத்தா, ஓடி வந்தா. சர்ர், சர்ர், ரெண்டு பேரும் உள்ள. கலவா மூஞ்சி மணல்ல டொம்முனு மோதுச்சு.

அப்புறம் ஒருநாள் முட்டையெல்லாம் பொரிஞ்சுது. வாயன் மெதுவா வாயைத் தொறந்தான். பொலபொலன்னு குஞ்சுங்க நீந்திப் போச்சு. அத்தனை நாள் பட்டினி கெடந்தவன், வாய் காலியானதும் பொண்டாட்டியப் பாத்து மொத வார்த்தை என்ன கேட்டான் தெரியுமா?

"ம்ஹூம்."

"நீ சாப்டியா?"ன்னு கேட்டான்.

அவ்வளவுதாண்டி. கதை கடலுக்குப் போச்சு, நீ தூக்கத்துக்குப் போ.