பன்னிரண்டு டன் கப்ளிங்

"எத்தனை டன் தாங்குற கப்ளிங் வாங்கட்டுங்கம்மா?"

கேட்டவர் நல்லசிவம். வயது அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலை அடிவாரத்து மருந்து மடத்தில் சீடராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

பதில் சொல்ல வேண்டியவர் மடத்துத் தலைவி தவமணி அம்மா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மடத்துக்கு வருமுன் பதினோரு வருடம் லாரி ஓட்டியவர். அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எது தாங்கணும்?" என்றார்.

நல்லசிவத்துக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

வெள்ளிக்கிழமை மலைமேல் கண் முகாம். அதற்கென்று நாமக்கல்லில் சொல்லிச் செய்த டிரெய்லர் பட்டறையில் தயாராக நிற்கிறது. அதன் மூக்கு மடத்துப் பிக்கப் வண்டியின் முதுகில் உட்கார வேண்டும். உட்காரும் இடத்தில் பூட்டிப் பிடிப்பதுதான் கப்ளிங். டிரெய்லரைத் தாங்க வேண்டும், வேறு எதைத் தாங்க வேண்டும்?

அவருக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. முகாம் வேலையில் பாதியை வேலம்மாளிடம் விடச் சொல்லியிருந்தார் அம்மா. வேலம்மாளும் மடத்துச் சீடர்தான், மருந்து விஷயத்தில் கைதேர்ந்தவள். ஆனால் முப்பது வருடம் துணைமின் நிலையங்களைக் கட்டி மேய்த்த மனுஷனுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. மருந்தறைச் சாவிக்கொத்தை அவர் இன்னும் கொடுக்கவில்லை. முகாம் வேலைகளில் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவும் இல்லை.

கடைக்காரர் அந்தப் பிக்கப்புக்கு மூன்று டன் கப்ளிங்கே தாராளம் என்றார். நல்லசிவம் பன்னிரண்டு டன் வாங்கினார். கடையிலேயே பெரியது அதுதான்.

பிக்கப்பின் பின்தொட்டியில் துருத்தி நிற்கும் இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவில் அது அடங்கவில்லை. அதனால் என்ன, பின்சக்கரங்களையும் தாண்டி வால்பக்கம் தள்ளிப் பொருத்தச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் டிரெய்லரை மாட்டினார். பன்னிரண்டு டன் இருக்கிற தைரியத்தில் ஜெனரேட்டர், தண்ணீர் நிரப்பிய ஆயிரம் லிட்டர் தொட்டி, மருந்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் டிரெய்லரின் முன்பக்கமாகவே அடுக்கினார். பட்டறையிலிருந்து மடம் வரைக்கும் ஒரே நேர்ச்சாலை. வந்து இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"இம்மியும் அசையலீங்கம்மா. ஸ்டியரிங் பூவாட்டம் இருக்குதுங்க. ஒத்தை விரல்ல புடிச்சுட்டு வந்தேன்."

"அவ்வளவு லேசாவா இருக்குது?"

"ஆமாங்க."

சொல்ல நினைத்ததையும் கையோடு சொல்லிவிட்டார்.

"முகாமையும் முழுசா எங்கிட்டயே விட்டுருங்கம்மா. எனக்கு ஒரு பாரமும் தெரியல."

அம்மா அவரை மறுபடி ஏறச் சொல்லி, தானும் வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலுக்குள் மெதுவாக விடச் சொன்னார்.

வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. எதிரே அம்மா தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த துளசிப் பாத்தி.

"இப்ப ஒடிச்சுத் திருப்புங்கண்ணா."

நல்லசிவம் ஒடித்தார்.

வண்டி திரும்பவில்லை.

இன்னும் ஒடித்தார். முன்சக்கரங்கள் இடப்பக்கம் பார்த்தபடியே நேராகப் போய்த் துளசிப் பாத்தியில் ஏறின. பிரேக்கை அழுத்தினார்.

இறங்கிப் பார்த்தார். டிரெய்லரின் பாரமெல்லாம் வால்பக்கமே விழுந்து, பிக்கப்பின் பின்பக்கம் அழுந்தி உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முன்சக்கரங்கள் மண்ணில் பட்டும் படாமலும் இருந்தன.

மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாளைக்கு அவர் பக்கத்தில் டாக்டர் உட்கார்ந்திருப்பார், பின்சீட்டில் இரண்டு நர்ஸுகள்.

"கப்ளிங்கைப் பாருங்க" என்றார் அம்மா.

போய்ப் பார்த்தார். குனிந்து, தடவியும் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"அது நல்லாத் தாங்கியிருக்குதுங்கம்மா."

அம்மா சாய்ந்து கிடந்த துளசிச் செடி ஒன்றை நிமிர்த்தி, வேரைச் சுற்றி மண் அணைத்தார். தலை நிமிராமலே, அன்று கேட்டதையே மறுபடியும் கேட்டார்.

"எது தாங்கணும்?"

நல்லசிவத்தின் கை இடுப்புக்குப் போனது. இத்தனை நாளாக அங்கே உறுத்திக்கொண்டிருந்த சாவிக்கொத்தை அப்போதுதான் உணர்ந்தார்.

"வேலம்மா எங்கிருக்குதுங்க?" என்றார்.