ஒரே ஒரு பூட்டு

இந்தக் கதையில குருவுக்கு வயசு முப்பது, சிஷ்யனுக்கு அம்பது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல அப்படித்தான் அமையும்.

குரு மெஹருன். சிஷ்யன் கதிரேசன். ரொம்ப வருஷமா ஓ.பி. சீட்டு எழுதினவர், இப்பதான் கம்ப்யூட்டர் பக்கம் வந்திருக்கார்.

அங்க கேன்டீன்ல தோசை சுடுற ஸ்டெல்லா அக்கா அதே ஆஸ்பத்திரியிலதான் வைத்தியம் பாத்துக்கிறாங்க. என்ன வியாதின்னு நான் சொல்லப்போறதில்ல. வெளிய தெரிஞ்சா அவங்க வேலை போயிடும், அது போதும். பத்திரமா வைங்கன்னு டாக்டர் சொன்னதும் கதிரேசன் அவங்க ஃபைலைப் பூட்டிட்டார். எல்லா வார்டு ஸ்க்ரீன்லயும் நோயாளிங்க பேர் பூரா தெரியும். ஸ்டெல்லா பேர் பக்கத்துல மட்டும் சிவப்பா ஒரு பூட்டு.

மறுநாள் மதியத்துக்குள்ள ஆஸ்பத்திரி பூரா ஒரே பேச்சு. அந்தம்மாவுக்கு என்னமோ பெருசா இருக்காம். தோசைக்கல்லு பக்கம் யாரும் வரல. பயப்பட ஒண்ணும் இல்லன்னு அக்கா எவ்வளவோ சொல்லியும், கேன்டீன் கான்ட்ராக்டர் சண்முகராஜ் நாளையில இருந்து வர வேணாம்னு சொல்லிட்டார்.

கதிரேசன் ஓடி வந்தார். "மேடம், ஃபைலை ஒருத்தர்கூடத் திறக்கல. நல்லாப் பாத்துட்டேன். அப்பறம் எப்படி?"

"எத்தனை பேருக்குப் பூட்டு போட்டீங்கண்ணே?"

"அவங்களுக்கு மட்டும்தான்."

மெஹருன் கீபோர்டை இழுத்தாங்க. கால் சுளுக்குக்குப் பூட்டு. குடல்வாலுக்குப் பூட்டு. பெரிய டாக்டருக்கு, கதிரேசனுக்கு, தனக்கு. ஸ்க்ரீன் பூரா சிவப்பு. வைத்தியம் பாக்குற டாக்டரும் நர்ஸும் மட்டும் அவங்கவங்க பாஸ்வேர்டுல திறந்துக்கலாம்.

சாயங்காலமே சண்முகராஜ் கொதிச்சுப்போய் வந்தார். அவரும் அங்க பல்லு டாக்டர்கிட்ட வந்தவர்தான். உனக்கும் பூட்டாமேன்னு வார்டு வார்டா கேலி பண்றாங்களாம்.

"எனக்கு வெறும் பல்வலிம்மா. சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்."

"ஸ்டெல்லா அக்கா சொன்னப்ப நீங்க நம்பினீங்களா சார்?"

அவர் வெளிய போனார். போனை எடுத்து ஸ்டெல்லாவைத் தானே திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்.

மறுநாள் காலையில கேன்டீன்ல ஒருத்தரை ஒருத்தர் பூட்டுன்னுதான் கூப்பிட்டுக்கிட்டாங்க. ஏ பூட்டு, சட்னியை இந்தப் பக்கம் தள்ளு. ஸ்டெல்லா அக்கா சிரிப்பை அடக்க முடியாம தோசையைக் கருக விட்டாங்க. அதையும் வாங்கிச் சாப்பிட ஆள் இருந்துச்சு. வரிசை மருந்துக் கவுன்ட்டரைத் தாண்டி நின்னுச்சு.

கதிரேசன் தட்டோட மெஹருன் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். "எல்லாம் சரி மேடம். நான் ஒரு ஜலதோஷத்துக்கு வந்தவன். என் ஃபைலுக்கு எதுக்குப் பூட்டு?"

"அது உங்களுக்காகப் போட்டதில்லண்ணே."