மேல்கிளைக் கல்லூரி

ஆச்சாக்காட்டு ஆலமரத்தின் மேல்கிளையில் கருமுகக் குரங்குகள் ஒரு மருத்துவக் கல்லூரி நடத்தின. அந்த மரத்தின் வேர் இடுக்கில் குவளை என்ற தேரை வசித்தாள். அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. ஆலம்பழத்தோடு சேர்ந்து கீழே விழும் பாடத்தை மூன்று ஆண்டுகளாகப் பொறுக்கிப் படித்துவந்தாள். காய்ச்சலில் முதல் பாதியும் வயிற்றுப்போக்கில் பின்பாதியும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று முறை விண்ணப்பித்தாள். கல்லூரியில் சமத்துவக் குழு ஒன்று இருந்தது. அதில் ஆலமரத்துக் குரங்கு ஒருவர், அரசமரத்துக் குரங்கு ஒருவர், பன்முகத்தன்மை குறைந்துவிடக் கூடாது என்று புளியமரத்துக் குரங்கு ஒருவர். மூன்று முறையும் குழு ஒரே பதிலைத்தான் தந்தது. இது கதவே இல்லாத கல்லூரி, யார் வேண்டுமானாலும் ஏறி வரலாம், யாரையும் யாரும் தடுக்கவில்லை என்றது. தேரைக்கு மரமேற வராது என்பதைக் குழு கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல்வர் பெயர் கடுவனார். கடுவன் என்றால் ஆண் குரங்கு. பெயரிலேயே தகுதி வந்துவிட்டதாக அவர் நினைத்தார். மற்றபடி கெட்டவர் இல்லை. நோயாளி வந்தால் பாதிச் சாப்பாட்டில் இறங்கி வருவார். நாடி பார்க்க அவர் வகுத்த முறை காடெங்கும் பெயர்பெற்றது. நோயாளியின் கழுத்தில் விரலை வைத்து, ஒரு கொழுந்து இலையை வாயில் போட்டு மெல்ல வேண்டும். அதை விழுங்குவதற்குள் நாடி ஐம்பது முறை துடித்தால் நலம். எழுபது என்றால் காய்ச்சல். ஒன்றுமே இல்லை என்றால் நரியைக் கூப்பிடுவார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்யும் பொறுப்பு நரியுடையது. எங்கே அடக்கம் செய்தது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தச் சித்திரையில் குளம் வற்றியது. கிழங்கு தேடிய காட்டுப்பன்றி, வெடித்த சேற்றிலிருந்து ஏரியப்பன் என்ற ஆமையைக் கிளறி எடுத்துவிட்டது. ஆமையிடம் அசைவே இல்லை. பயந்துபோன பன்றி அவரை மூக்கால் உருட்டிக்கொண்டே மரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

கடுவனார் இறங்கி வந்தார். விரல் வைத்தார், மென்றார், விழுங்கினார். துடிப்பு இல்லை. முடிந்தது என்று தலையசைத்தார். நரி அதற்குள் வந்துவிட்டது. மிகுந்த துக்கத்தோடு உதட்டை நக்கிக்கொண்டது.

வேர் இடுக்கிலிருந்து குவளை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லுக்குள் தேரை என்று சொல்வார்களே, அந்த வமிசம் அவள். கோடை முழுவதும் மண்ணுக்குள் மூச்சைச் சுருக்கிக் கிடந்து பழகியவள். அப்போது அவள் இதயமும் வேண்டாவெறுப்பாக எப்போதோ ஒருமுறைதான் அடிக்கும். ஆனால் கல்லூரி முதல்வரைத் தேரை திருத்தலாமா? கோபத்தில் மரத்தடியிலிருந்தே விரட்டிவிட்டால், விழுகிற பாடமும் போய்விடும். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நரி ஆமையின் காலில் வாயை வைத்தது.

"ஐயா, இன்னொரு கொழுந்து மெல்லுங்கள்," என்றாள் குவளை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமை சாகவில்லை, வறட்சிக்குத் தூங்குகிறார், எங்களைப் போன்றவர்களின் நாடி ஒரு கொழுந்துக்குள் வந்து நிற்காது என்று அவள் சொன்னாள். மேல்கிளையிலிருந்து சமத்துவக் குழுவின் புளியமரத்துக்காரர் சிரித்தார்.

"மரமேறத் தெரியாதது மருத்துவம் சொல்ல வந்துவிட்டது. நாடிப் பாடம் நாற்பது ஆண்டுப் பாடம், தெரியுமா அம்மா?"

"தெரியும் ஐயா. நாற்பது ஆண்டும் யார் கழுத்தில் விரல் வைத்து எழுதினீர்கள்?"

புளியமரத்துக்காரர் பக்கத்துக் குரங்கைப் பார்த்தார். கிளையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கழுத்துத்தான் எப்போதும் கைக்கு எட்டியது.

"நேரமாகிறது. வெயிலில் கெட்டுவிடும்," என்று ஆமையின் காலை விடாமலே நரி கவலைப்பட்டது.

கடுவனார் குனிந்து மீண்டும் விரலை வைத்தார். இரண்டாவது கொழுந்து போயிற்று. மூன்றாவது, நான்காவது. ஆறாவதில் அவர் தாடை நின்றது. விரலடியில் ஏதோ தட்டியது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாற்பது ஆண்டுப் பாடம் பத்திரமாக இருந்திருக்கும். குவளை அவர் முகத்தையே பார்த்தாள்.

"துடிக்கிறது," என்றார் கடுவனார். "நரியாரே, வாயை எடும்!"

இலைகளில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். சாயங்காலம் ஏரியப்பன் தலையை நீட்டி, மழை வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். பிறகு எதற்கு எழுப்பினீர்கள் என்று சலித்துக்கொண்டார்.

கடுவனார் குவளையிடம் வந்து, நாளை முதல் அவள் கல்லூரி மாணவி என்றார். தானே முதுகில் சுமந்து மேலே கொண்டுபோவதாகவும் சொன்னார். மூன்று ஆண்டாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"எத்தனை நாள் சுமப்பீர்கள் ஐயா? நாளைக்கு எருமை படிக்க வந்தால்?"

கடுவனார் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஓர் உயிரைக் காப்பாற்றினால்தான் எனக்கு இடம் என்றால், உங்கள் பிள்ளைகள் யாரைக் காப்பாற்றிவிட்டுச் சேர்ந்தார்கள்? பாடம் கீழே இறங்கட்டும். மரமேறுகிறவர்களுக்கும் தரை எட்டும்."

சமத்துவக் குழு அன்று இரவு முழுவதும் கூடிப் பேசியது. தரையில் உட்கார்ந்தால் கௌரவம் போகும், எறும்பு கடிக்கும் என்றது. எறும்பும் விண்ணப்பிக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கடுவனார் முதல் ஆளாக இறங்கினார்.

அடுத்த வாரம் வேரடியில் வகுப்பு தொடங்கியது. எருமைக் கன்று வந்தது, முள்ளம்பன்றி வந்தது, அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு சுண்டெலியின் கழுத்தில் விரலை வைத்த கடுவனார், கொழுந்தைப் பாதி மெல்வதற்குள் எண்ணிக்கையைத் தவறவிட்டுத் திகைத்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான் என்றது எலி. அவர் எலியிடம் இன்னொரு முறை கழுத்தைக் காட்டச் சொன்னார். குவளை முன்வரிசையிலிருந்து கையை உயர்த்தி, முயலுக்கு எவ்வளவு என்று கேட்டாள். தெரியாது, போய்க் கேட்டு வருவோம் என்றார் முதல்வர்.

எல்லோருக்கும் மருத்துவம் பார்க்க வேண்டுமானால், எல்லோரும் வந்து உட்கார முடிகிற இடத்தில்தான் மருத்துவம் கற்க வேண்டும்.