பீஷ்மருக்குப் பேரனான அரசன்

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைப் பராங்குசமல்லன் என்றோர் அரசன் ஆண்டான். ஆண்டான் என்று சொல்வது வழக்கம். உழுதவர்கள் உழுதார்கள், போரில் செத்தவர்கள் செத்தார்கள்; அவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய அமைச்சர் மதிசூடி. அவருடைய தம்பி செங்கணான் எல்லைப் போரில் செத்து ஓராண்டுகூட ஆகவில்லை. கல்யாணம் ஆகாதவன். உடலும் வீடு வந்து சேரவில்லை.

ரத சப்தமிக்கு மறுநாள் பீஷ்மாஷ்டமி. அம்புப் படுக்கையில் உயிர்விட்ட அந்தப் பிரம்மசாரிக் கிழவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் ஊரே பிள்ளையாகி, ஆற்றில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைக்கும். அந்தக் கையோடு, போரில் மாண்ட தங்கள் வீட்டுப் பையன்களுக்கும் ஒரு கை விடுவது அந்நாட்டு வழக்கம். அந்த ஒரு கைத் தண்ணீருக்காகத்தான் மதிசூடி காத்திருந்தார்.

அமைச்சர் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் அரண்மனைப் பண்டிதர் சாம்பமூர்த்தி. சப்தமியன்று அவர் அவையில் எழுந்தார்.

"மகாராஜா! ஆராய்ந்து கண்டுவிட்டேன். தாங்கள் பீஷ்மரின் வழிவந்த நேர்ப் பேரன்!"

அரசன் மீசையைத் தடவினான். "எனக்கே பல தடவை அப்படித் தோன்றியிருக்கிறது."

"அப்படியிருக்க, கண்ட சனங்களும் தங்கள் பாட்டனாருக்குத் தண்ணீர் விடுவதா?"

"விடக்கூடாது! நாளைக்குப் படித்துறையில் நான் ஒருவன்தான். வேறு எவன் இறங்கினாலும் கையை வெட்டுங்கள். என் வம்சத்தைச் சந்தேகப்படுகிறவனுக்கு நாக்கு இருக்காது."

அவை கைதட்டியது. மதிசூடி நினைத்தார்: தம்பியின் உயிரைத்தான் எடுத்தார்கள், அவனுக்கு விடும் தண்ணீரையுமா? ஆனாலும் சிரித்தார். அரண்மனைச் சோறு தின்கிறவன் முதலில் பழகும் தொழில் அது.

மறுநாள் முழங்கால் ஆழத் தண்ணீரில் அரசன் நின்றான். படித்துறையில் கயிறு கட்டி, அதற்கு வெளியே சனங்களை நிறுத்தியிருந்தார்கள். பண்டிதர் மந்திரம் சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷம், பண்டிதரே" என்றார் மதிசூடி. "முறை பிசகினால் பாவம் மன்னருக்கு. பாட்டனுக்கு விட்டால் பாட்டி பெயரையும் சொல்லி விடவேண்டுமே? எங்கள் வீட்டில் அப்படித்தான். ராஜ வம்சத்தில் வேறு மாதிரியோ?"

"ஆமாம், என் பாட்டி பெயரைச் சொல்லும், ஓய்!" என்றான் அரசன்.

பண்டிதருக்கு வியர்த்தது. "அது... வந்து... அம்பை..."

கயிற்றுக்கு வெளியிலிருந்து வெள்ளையம்மாள் என்ற உழவுக்காரி கத்தினாள்: "அட பாவி மனுசா! அந்தப் பொண்ணைக் கட்டிக்க மாட்டேன்னு சொல்லித்தானே அவர் அம்புப் படுக்கைக்கே போனாரு!"

அரசன் திரும்பினான். "மதிசூடி, பீஷ்மர் கல்யாணமே செய்துகொள்ளவில்லையா?"

"செய்துகொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்தார், மன்னா. சத்தியத்தை மீறியிருந்தால் அவர் பீஷ்மரே இல்லை. மீறவில்லை என்றால் தங்கள் வம்சம்... மிச்சத்தைச் சொல்ல எனக்கு நாக்கு வேண்டும். பண்டிதரே சொல்லட்டும்."

கரை முழுவதும் சிரித்தது. பண்டிதர் தண்ணீரில் முங்கிவிடலாமா என்று பார்த்தார், ஆழம் போதவில்லை.

"மதிசூடி" என்று அரசன் பல்லைக் கடித்தான், "என்னைக் கரையேற்று."

"பிள்ளையில்லாதவருக்குத் தண்ணீர் விடுகிற எவனும் அவருக்குப் பிள்ளைதான். பேரன் என்பது எதற்கு? தாங்கள் மகன்! இந்தச் சனங்களும் அப்படியே. கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள்."

மானம் பிழைத்த மகிழ்ச்சியில் அரசன் உரக்கச் சிரித்தான். கயிறு அவிழ்ந்தது. சனங்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். பண்டிதரின் பதவியும் பல்லக்கும் அங்கேயே பறிபோயின.

"அந்தப் பல்லக்கு உனக்குத்தான், மதிசூடி!"

"எனக்குக் கால் இருக்கிறது, மன்னா. தங்கள் போரில் என் தம்பியும் பிள்ளையில்லாமல் செத்தான். அவனுக்கும் அவனைப்போல் போனவர்களுக்கும் தங்கள் கையால் தண்ணீர் வேண்டும்."

"இவ்வளவுதானா! பெயர்?"

"செங்கணான்."

அரசன் எள்ளும் தண்ணீரும் விட்டான். மதிசூடி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம் மகன் காத்தான்" என்றாள் வெள்ளையம்மாள். அவனுக்கும் விட்டான். "எங்கண்ணன் சடையன்" என்றது இன்னொரு குரல். வீரணன். ஒச்சு. பெயர் தெரியாமல் ஊமையன் என்றே கூப்பிடப்பட்ட ஒருவன். எள் தீர்ந்தது. வெறும் தண்ணீரை விட்டான். வெயில் ஏறியது. ஏறிப் போய்விடலாம் என்று பார்த்தால் படிகள் முழுக்க ஆட்கள் நின்றார்கள்.

"இன்னும் எத்தனை பேர், மதிசூடி?"

"போருக்கு அனுப்பும்போது கேட்டிருக்கவேண்டிய கேள்வி, மன்னா."

கரையிலிருந்து அடுத்த பெயர் வந்தது. அரசன் குனிந்தான்.

அந்த ஆண்டு செம்பாறை நாடு போருக்குப் போகவில்லை. மறு ஆண்டு போயிற்று. அதுமுதல் பீஷ்மாஷ்டமி வந்தால் மட்டும் அரசனுக்குத் தவறாமல் காய்ச்சல் வந்தது.