நத்தையின் கடைசிப் பக்கம்

மலையணில் செவந்தான் ஒரு நாவல் மரப் பொந்தில் நூலகம் நடத்தி வந்தான். மரம் எவ்வளவு பெரியது என்கிறீர்களா? அடியில் நின்று தும்மினால் உச்சிக் கிளைக் குருவிக்கு மறுநாள்தான் காதில் விழும். சந்தேகம் உள்ளவர்கள் போய்த் தும்மிப் பார்க்கலாம்.

செவந்தானுக்குப் புத்தகம் என்றால் உயிர். நல்ல புத்தகம் ஒன்று வந்துவிட்டால் அதை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிடுவான்.

"இது இரவலுக்குக் கிடையாது! இங்கேயே உட்கார்ந்து படிக்கணும்! எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது!" என்று வாசலிலேயே சொல்லிவிடுவான்.

இந்தக் கெடுபிடிக்கு யார் வருவார்கள்? குரங்குகள் வருவது நின்றது. முயல்கள் வருவதும் நின்றது. கடைசியில் மாசிலாமணி என்ற கிழ ஆமை மட்டும் வந்துகொண்டிருந்தார். அவர் குளத்திலிருந்து கிளம்பி மரத்தடிக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவசர அவசரமாக ஒரு பக்கம் படிப்பார். செவந்தான் கதவைச் சாத்துவான். ஆமையார் திரும்பி நடப்பார்.

அவர் படித்தது 'கடல் தேடிப் போன நத்தை' என்ற கதைப் புத்தகம்.

ஒருநாள் அவர் கேட்டார்: "தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த நத்தை கடலுக்குப் போய்ச் சேர்ந்துச்சா, இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும் பெரியவரே? கடைசிப் பக்கத்தை நானே இன்னும் பிரிச்சதில்லை. கசங்கிடுமே!"

"அடப்பாவி! அப்படின்னா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பேன். சீக்கிரம் முடிச்சுடறேன்."

"குளத்துத் தண்ணி பட்டா? முடியவே முடியாது!"

ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "எனக்கும் கடலைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. நத்தையே போய்ச் சேர்ந்துச்சுன்னா நானும் துணிஞ்சு கிளம்பிடலாம். சேரலைன்னா பேசாம குளத்துலயே கிடக்கலாம். வயசாகுதுப்பா. அதுக்குத்தான் கேட்டேன்."

செவந்தானுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் பூட்டைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் உள்ளறையைத் துடைக்கப் போனவன் அலறிவிட்டான். சுவரில் கோடு கோடாக மண்! நத்தைப் புத்தகத்தின் பின்னட்டையைக் காணோம். அங்கே கரையான்கள் கூட்டமாக உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தன.

"ஐயோ! உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

கரையான் ராணி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வேற எங்கே தம்பி போவோம்? இங்கேதான் இருட்டு இருக்கு. அமைதி இருக்கு. ஒரு பயல் வந்து புத்தகத்தைத் தொடறதில்லை. இப்படி ஒரு இடத்தை எங்களுக்குன்னு பூட்டியே வெச்சிருக்கியே, நீ நல்லா இருக்கணும்!"

செவந்தான் என்ன செய்தான்? இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டான்!

ஆமையார் புத்தகத்தின் முன்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தார். கரையான் பின்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்தது. யார் வேகம் என்று நான் சொல்ல வேண்டுமா?

அந்தச் சமயத்தில்தான் கானக நூலகர் மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. எல்லாக் காட்டு நூலகர்களும் கூடித் தங்கள் தங்கள் முறைகளையும் புதுக் கருவிகளையும் பற்றிப் பேசிக்கொள்ளும் மாநாடு. இந்த முறை மயில்மலைக் குகையில்.

'அங்கே போய்க் கேட்டால் கரையானுக்கு ஒரு வழி கிடைக்கும்!' என்று செவந்தான் ஓடினான்.

குகை வாசலில் ஆளுக்கு ஓர் அரசிலையில் பெயர் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். கொறிக்க இலுப்பைப் பூ. குடிக்கச் சுனைத்தண்ணீர். தலைவர் மயிலாருக்கு வாழை மடலைப் போர்த்தினார்கள். மயிலார் அதைப் போர்த்தியவருக்கே திருப்பிப் போர்த்தினார். அவர் இன்னொருவருக்குப் போர்த்தினார். ஒரே மடல் குகையைச் சுற்றி வந்து கிழிந்தபிறகுதான் மாநாடு தொடங்கியது.

முதலில் நீர்நாய் எழுந்தது. "எங்கள் நூலகம் மிகச் சிறப்பாக இருக்கிறது! அலமாரியைச் சுற்றி அகழி வெட்டி முதலை விட்டிருக்கிறோம். ஒரு புத்தகம்கூட வெளியே போனதில்லை!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்தது சிலந்தி. "எங்களுடையதும் மிகச் சிறப்பு! புத்தகத்துக்குப் புத்தகம் வலை. விரல் பட்டால் போதும், என் காலில் கட்டிய மணி அடிக்கும். வாசகர் மூர்ச்சை போட்டு விழுந்துவிடுவார்!"

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

மூலையில் அங்கம்மா என்ற முள்ளம்பன்றி தயங்கித் தயங்கி எழுந்தாள். "எங்க நூலகத்துல சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லைங்க. அலமாரி எப்பவும் காலியாத்தான் கிடக்கு. புத்தகம் யார் வீட்டுல இருக்குன்னே பாதி நேரம் தெரியறதில்லை. கிழிஞ்சு வந்தா என் முள்ளையே ஊசியா வெச்சுத் தைச்சுடுவேன். கரடி வாங்கிட்டுப் போனா தேன் ஒட்டிக்கிட்டு வருது. இதுக்கு ஏதாவது வழி சொன்னீங்கன்னா..."

குகையே சிரித்தது.

"அம்மணி, அது நூலகமா, சந்தைக்கடையா?" என்றது நீர்நாய். அங்கம்மா முள்ளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செவந்தானின் முறை வந்தது. கரையானைப் பற்றிக் கேட்க வாய் திறந்தான். எதிரே அத்தனை பளபளப்பான முகங்கள். அங்கம்மாவுக்குக் கிடைத்த சிரிப்பு இன்னும் குகைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

"எங்கள் நூலகமும் மிகச் சிறப்பு! இரட்டைப் பூட்டு!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கைதட்டலும் கிடைத்தது. ஆனால் கையிலிருந்த இலுப்பைப் பூவை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

கடைசியாக மயிலார் எழுந்து தோகையை விரித்தார். "அன்பர்களே! இதோ என் புதுக் கருவி, மின்மினித் தேடி! புத்தகத்தின் பெயரைச் சொன்னால் போதும். மின்மினி பறந்துபோய் அதன் மேல் உட்கார்ந்து ஒளிவிடும்! செவந்தான், ஒரு பெயர் சொல்லும்!"

செவந்தானுக்கு அந்த நேரத்தில் வேறு பெயர் வாயில் வருமா? "கடல் தேடிப் போன நத்தை!" என்றான்.

ஒரு மின்மினி ஜிவ்வென்று பறந்தது. உயரத்து அலமாரியில் தங்க எழுத்து மின்னும் ஒரு புத்தகத்தின் மேல் உட்கார்ந்து சுடர்விட்டது. சரியான புத்தகம்தான்! குகை அதிரக் கை தட்டினார்கள். மயிலார் பெருமையோடு அதை உருவினார்.

அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளேயிருந்து பொலபொலவென்று மண் கொட்டியது!

மயிலார் பதறிப்போய்ப் பக்கத்துப் புத்தகத்தை எடுத்தார். மண். அதற்கடுத்தது, அதுவும் மண். விரித்த தோகை மெல்ல மெல்லச் சுருங்கியது. தங்க அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது.

யாரோ களுக்கென்று சிரிக்கத் தொடங்கினார்கள். செவந்தான் துள்ளி எழுந்தான்.

"சிரிக்காதீங்க! என் நூலகத்துலயும் கரையான்! நான் சொன்னது பொய். வழி கேட்கத்தான் வந்தேன். வெட்கப்பட்டுக்கிட்டுக் கேட்கலை. ஒரு வாசகர், ஒரே ஒரு வாசகர், எனக்கு மிச்சம். கதை முடிவு தெரியாமலே அவர் போயிடுவாரோன்னு பயமா இருக்கு!"

சிரிப்பு நின்றது.

"எங்களுக்கும் கரையான்தான்" என்றது நீர்நாய், தரையைப் பார்த்துக்கொண்டு. "முதலைக்குப் பயந்து நானே உள்ளே போறதில்லை."

"எனக்கும்" என்றது சிலந்தி. "கரையான் கால் பட்டும் மணி அடிச்சுது. வாசகர்னு நினைச்சு ஓடினேன். வாசகர் வந்து வருஷக்கணக்காச்சு!"

ஒவ்வொருவராக எழுந்து, "எனக்கும்", "எனக்கும்" என்றார்கள். அங்கம்மா மட்டும் திருதிருவென்று விழித்தாள்.

"கரையான் எப்படிங்க இருக்கும்? நான் பார்த்ததே இல்லையே!"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மயிலார் அட்டையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார். "மன்னிச்சுக்கோ தாயி. சிரிச்சுட்டோம். நீ என்னதான் பண்றே?"

"நான் ஒண்ணும் பண்றதில்லைங்க. புத்தகம் ஒரு இடத்துல தங்கினாத்தானே? இன்னைக்கு மான் வாங்கிட்டுப் போகும். நாளைக்கு அது குரங்குகிட்டக் கொடுத்துடும். வந்ததும் தட்டித் தைச்சுக் காய வெச்சு அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவேன். எது எங்கே போச்சுன்னுதான் தெரியாது!"

செவந்தான் தலையில் அடித்துக்கொண்டான். 'இருட்டு இருக்கு, அமைதி இருக்கு, ஒரு பயல் தொடறதில்லை' என்று கரையான் ராணியே சொன்னாளே! நோய்க்கு மருந்தை நோயே சொல்லியும் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறான்!

"அங்கம்மா அக்கா, அந்த நத்தைப் புத்தகம் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு தம்பி! எங்கேன்னுதான் தேடணும்."

"அதுக்கு என் மின்மினிகளை அனுப்புறேன்!" என்றார் மயிலார். "என்கிட்டே தேடிப் பிரயோசனமில்லை. அவளுக்குத்தான் தேடித் தர ஆள் வேணும்." தோகை மறுபடி கொஞ்சம் விரிந்தது. அந்த ஒரு சாயங்காலத்தில் அவர்கள் பேசிக்கொண்டது, அதற்குமுன் எந்த மாநாட்டிலும் பேசாத பேச்சு.

செவந்தான் ஊர் திரும்பிப் பூட்டுகளை உடைத்தான். நத்தைப் புத்தகத்தைப் பிரித்தான். ஆமையார் படித்து நிறுத்திய பக்கத்துக்கு மேல் ஒன்றும் மிச்சமில்லை. வாசலில் ஆமையார் வந்து நின்றார்.

"மாநாடு எப்படி தம்பி?"

"பெரியவரே... கடைசிப் பக்கத்தைக் கரையான் தின்னுடுச்சு. என்னாலதான்."

ஆமையார் மெல்லக் குளத்துப் பக்கம் திரும்பினார்.

அப்போது மரக்கிளை வழியாக ஒரு குரங்கு குதித்து வந்தது. பின்னாலேயே ஒரு மின்மினி. "அங்கம்மா அக்கா கொடுத்துவிட்டாங்க! கரடி வீட்டுத் தலையணைக்கு அடியில இருந்துச்சு!" என்று ஒரு புத்தகத்தை நீட்டியது.

அட்டை இல்லை. முள்ளால் தைத்த தையல். பக்கத்துக்குப் பக்கம் தேன் பிசுபிசுப்பு. ஆனால் கடைசிப் பக்கம் இருந்தது!

ஆமையார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார்: "நத்தை மணல்மேட்டு உச்சியை அடைந்தது. அதற்குமேல் நகர முடியவில்லை. 'கடலே, இவ்வளவு தூரம் நான் வந்துவிட்டேன். மிச்சத்தை நீ வரக் கூடாதா?' என்று கூப்பிட்டது. கடல் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஓர் அலை எழுந்து வந்து, நத்தையைத் தொடாமல் எதிரே நின்று பார்த்துவிட்டுப் போனது."

ஆமையார் கெக்கெக்கே என்று சிரித்தார். ஓடு குலுங்கச் சிரித்தார். "இங்கேயே உட்கார்ந்துதான் இன்னொரு தடவை படிக்கணுமா?"

"வேண்டாம் பெரியவரே. எடுத்துட்டுப் போங்க!" என்று செவந்தான் புத்தகத்தை அவர் முதுகில் வைத்துக் கொடியால் கட்டினான்.

ஆமையார் நடந்தார். குளத்துப் பக்கம் அல்ல. கிழக்கே!

"பெரியவரே! புத்தகத்தை எப்போ திருப்பித் தருவீங்க?"

"கடலைப் பார்த்துட்டு வரேன்ப்பா!"

செவந்தான் நூலக விதியைச் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு கையசைத்தான்.

அதன்பிறகு நாவல் மரத்தடியில் குரங்குகளும் முயல்களும் முண்டியடித்தன. கரையான் ராணி பரிவாரத்தோடு மூட்டை கட்டினாள். "ஒரே இரைச்சல்! எந்நேரமும் எவனாவது வந்து எடுக்கிறான், வைக்கிறான்! மனுஷி குடித்தனம் பண்ற இடமா இது?" என்று திட்டிக்கொண்டே போனாள். அவள் மனுஷி இல்லை என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பூட்டி வைத்த புத்தகமும் மறைத்து வைத்த குறையும் இருட்டில் அரித்துப்போகும்; நாலு பேர் கையில் கொடுத்தால்தான் இரண்டுக்கும் வழி பிறக்கும்.