குடிபோன பலகை

ஆற்றோரக் குடியிருப்பை மாற்றிக் கட்ட, பொறியாளர் வேதாசலம் சித்திரை வெயிலில் வரைபடத்தோடு வந்து நின்றார். இஸ்திரி போடும் பூங்காவனம் முன்னால் வந்தாள்.

"சார், கீழ்த்தளம் வெயில் காலத்துல கடையா இருக்கட்டும், மழைக்காலத்துல காலியா கிடக்கட்டும். வீட்டை மாடியில கட்டுங்க."

"இங்கே ஆளுயரம் தண்ணி வரும்னு இப்பவே நிரூபி, கட்டித் தர்றேன்!" என்று சிரித்தார் அவர்.

"சரிங்க சார். போன வருஷம் இந்த மரத்தடியில நீங்க நட்ட பலகை எங்க?"

வேதாசலம் குனிந்து தேடினார். குழிதான் இருந்தது. அவள் கைகாட்டிய பக்கம் அண்ணாந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'வெள்ள அபாயம் இல்லாத பகுதி' என்ற பலகை, அவர் பெயரோடு, பூவரச மரத்தில் ஆளுயரத்துக்குச் சற்று மேலிருந்த கிளையில் சிக்கிக்கிடந்தது.

"எவன் ஏத்தினான்?"

"கார்த்திகை வெள்ளம் ஏத்திச்சு சார். உங்க பலகையே மாடிக்குக் குடிபோயிருச்சு, நாங்க மட்டும் கீழயே இருக்கணுமா?"